பட்டியல் எழுதிக் கொடுத்தவர் உன்னோடு இறங்குவாரா?

அன்புள்ள தம்பிக்கு,

ஆழ்கடல் டைவிங்குக்கு வாங்க வேண்டியவை என்று நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. ஒரு ரீப்ரீதர் (வெளிவிடும் மூச்சைச் சுத்தம் செய்து திரும்பத் தரும் கருவி), 12 லிட்டர் எஃகு சிலிண்டர் ஒரு ஜோடி, சிலிண்டரை முதுகில் தாங்கும் பேக்பிளேட், காற்று ஊதி மிதக்கவைக்கும் பையான விங், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர்கள், இரண்டு டைவ் கம்ப்யூட்டர். கடைசி வரியில் "அடுத்த வருடம் ஹெர்மீஸ்" என்று எழுதியிருக்கிறாய். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. மட்டக்களப்புக்கு அப்பால், சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை அதைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதனால்தான் "நன்று, வாங்கு" என்று ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை. மலையிலிருந்து கடலுக்குப் போகிற உன் வயதுப் பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

பட்டியலில் உள்ள பொருள்கள் எல்லாமே தரமானவை. ஆனால் அதை எழுதியவர் ஐரோப்பாவில் குளிர்ந்த ஏரிகளில் இறங்குபவர் என்கிறாய். எனக்கு உறுத்துவது அந்த இடம்தான்.

எஃகு சிலிண்டர்களையே எடுத்துக்கொள். 12 லிட்டர் சிலிண்டர் இரண்டை 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் உள்ளே அடைபட்ட காற்று மட்டுமே ஏறக்குறைய 6 கிலோ. எஃகின் பாரம் தனி. குளிர்நீரில் இறங்குபவர் தண்ணீர் புகாத டிரை சூட் போட்டிருப்பார். விங் கிழிந்துபோனாலும் அந்த உடைக்குள் காற்றைச் செலுத்தி மேலே வந்துவிடலாம். நீ இறங்கப்போவது வெதுவெதுப்பான கடல், உன் உடம்பில் இருக்கப்போவது 3 மில்லிமீட்டர் ரப்பர் உடையான வெட்சூட். 53 மீட்டரில் அதுவும் நசுங்கி, மிதக்கவைக்கும் சக்தியை இழந்திருக்கும். அந்த நேரத்தில் விங் கைவிட்டால், உன்னைக் கீழே இழுக்கும் பாரம் முழுவதும் முதுகோடு கட்டப்பட்டிருக்கும். கழற்றிவிட இடுப்பில் ஈயக்கட்டிகூட இருக்காது. அலுமினிய சிலிண்டர் இப்படி இழுக்காது. காலியாகக் காலியாக அது மிதக்கவே பார்க்கும். அவருடைய ஏரியில் முழுக்கச் சரியான யோசனை, உன் கடலில் உயிருக்கு ஆபத்து.

சரி, இரட்டை சிலிண்டர் எதற்கு? "டெக்னிக்கல் டைவிங் என்றால் அப்படித்தான்" என்று உன்னிடம் சொன்னார்களாம். அது பதில் ஆகாது. ஒரு தாளை எடு. 53 மீட்டரில் அழுத்தம் 6.3 பார். ஒருவனுக்குக் காற்று தீர்ந்துபோய் இருவரும் ஒரே கையிருப்பில் சுவாசிக்க வேண்டிய நிலை. பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று வைத்தால் இருவருக்கும் 60. அது கடல் மட்டக் கணக்கு, ஆழத்தில் அழுத்தத்தால் பெருக்க வேண்டும். அடியில் நிலைமையைச் சமாளிக்க இரண்டு நிமிடம்: 756 லிட்டர். தனி சிலிண்டரில் உள்ள அடுத்த வாயுக் கலவைக்கு மாறும் 21 மீட்டர் வரை ஏற நான்கு நிமிடம், சராசரி ஆழம் 37 மீட்டர், அழுத்தம் 4.7 பார்: 1,128 லிட்டர். ஆக மொத்தம் 1,884. புதுச்சேரியில் நீ வாடகைக்கு எடுக்கும் ஒற்றை அலுமினிய சிலிண்டர் தளும்ப நிரம்பியிருந்தாலே சுமார் 2,200 லிட்டர்தான். ஆபத்துக்கென்று ஒதுக்க வேண்டியதே ஒரு சிலிண்டரைத் தின்றுவிடுகிறது. இந்தக் கணக்கை உன் எதிரில் உட்கார்ந்து போட்டுக்காட்ட முடியாத யாருடைய யோசனையிலும் சிலிண்டர் வாங்காதே.

இன்னொன்று. அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றின் அடர்த்தி லிட்டருக்கு ஏழரை கிராமைத் தாண்டிவிடும். 6.2 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அதற்கு மேல் போனால் மூச்சே பாரமாகி, உடலில் கரியமில வாயு தேங்கும். நைட்ரஜன் மயக்கம் வேறு. ஆகவே ஹீலியம் கலந்தாக வேண்டும். அது அங்கே கிடைக்குமா, யார் கலக்கிறார்கள், கலந்ததை உன் கையால் அளந்து பார்க்க விடுவார்களா என்பதை சிலிண்டருக்கு முன்பே விசாரித்துவிடு.

ரீப்ரீதரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. இரட்டை சிலிண்டரில் டீகம்ப்ரஷன் டைவ் (உடலில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக வழியில் நின்று நின்று மேலே வரும் டைவ்) செய்வதுதான் எனக்குத் தெரிந்த வேலை. ரீப்ரீதர் பழகாத நான் அதில் எதை வாங்கு, எதை விடு என்று சொன்னால் நீ காதில் போட்டுக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் யாரைக் கேட்பது? கடைக்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எந்த ரெகுலேட்டருக்கு உதிரிபாகம் இந்தியாவில் கிடைக்கும், சர்வீஸுக்கு எங்கே அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் அவரைத்தான் கேட்க வேண்டும். புதுச்சேரியில் உனக்குக் கற்றுக்கொடுத்தவர் 53 மீட்டருக்குப் போனதில்லை என்றாலும், உன்னைத் தண்ணீருக்குள் பார்த்தவர் அவர் ஒருவர்தான். 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா, மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் பதறுகிறாயா என்று அவருக்குத் தெரியும். நீ அடுத்த படிக்குத் தயாரா என்பதில் அவர் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. உடம்பு விஷயத்தில் டைவிங் மருத்துவம் படித்த டாக்டர். உபகரணத்தைப் பொறுத்தவரை, உன்னோடு அந்த ஆழத்துக்கு இறங்கப்போகிறவர்.

முத்துக் குளிக்கும்போது படகில் கயிறு பிடிப்பவன் மைத்துனனாகத்தான் இருப்பான் என்று தெற்குக் கடற்கரையில் சொல்வார்கள். தன் சகோதரியின் தாலியை நினைத்துக்கொண்டு பிடிப்பவன் கயிற்றைத் தளரவிட மாட்டான். உனக்கு யோசனை சொல்பவருக்கும் அப்படி ஒரு பிடிமானம் இருக்கிறதா என்று பார். ரெகுலேட்டருக்குக் காற்று கொண்டுவரும் நீளக் குழாயை, அதாவது நீள ஹோஸைக் கவனி. 2.1 மீட்டர். வாயில் இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றி நண்பனுக்குக் கொடுத்துவிட்டு, கழுத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கும் இன்னொன்றை நீ கடித்துக்கொள்வாய். நண்பனுக்குக் கொடுக்கும் ரெகுலேட்டரின் கிளிப்பை ஹோஸோடு நூல் கயிற்றால்தான் கட்ட வேண்டும், உலோக வளையம் கூடாது. சிக்கிக்கொண்டால் கத்தியால் அறுத்துவிடலாம். இதையெல்லாம் அக்கறையோடு இழுத்துப் பார்த்துச் சரிசெய்பவர் யார்? அந்த ஹோஸின் மறுமுனை ஒருநாள் தன் வாய்க்கு வரலாம் என்று தெரிந்தவர்.

உன் பட்டியலில் இல்லாத, கடற்கரையில் யாரும் உனக்குச் சொல்லியிருக்கவும் மாட்டாத ஒன்று பாக்கி இருக்கிறது: வீடு திரும்பும் வழி. டைவ் முடிந்து அவர்கள் கடல் மட்டத்திலேயே தூங்கப்போகிறார்கள். நீ மலை ஏறுகிறாய். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், டைவில் உடலில் கரைந்து மிச்சமிருக்கும் வாயு குமிழியாகிவிடலாம். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் 326 மீட்டர் உயரம், ஊட்டி ரயில் நிலையம் 2,203. பறக்கும் விமானத்தின் கேபினில் அதிகபட்சமாக ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தின் அழுத்தம் இருக்கும். டைவிங்குக்குப் பின் விமானம் ஏறக் காத்திருக்கும் நேரத்தை அதை வைத்துத்தான் வகுத்திருக்கிறார்கள்: டீகம்ப்ரஷன் தேவைப்படாத ஒற்றை டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18, டீகம்ப்ரஷன் டைவ் என்றால் 18க்கும் வெகுவாகக் கூடுதல். நான் 24க்குக் குறைப்பதில்லை. விமானம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஊட்டிக்குப் போகிறவன் அந்த அழுத்தத்திலேயே சாப்பிட்டு, படுத்து, எழுந்திருக்கிறான். கோத்தகிரி கொஞ்சம் தாழ்வு என்று நினைத்து மணியைக் குறைக்காதே. ஞாயிறு மத்தியானம் புதுச்சேரியில் கடைசி டைவ், ராத்திரி பஸ், விடியும் முன் கோவை, அப்படியே கோத்தகிரி பஸ் என்பது இனி வேண்டாம். மத்தியானம் வரை கோவையில் யார் வீட்டிலாவது இருந்துவிட்டு ஏறு. வார இறுதி முழுவதும் முங்கியிருந்தால் அதையும் தாண்டிப் பொறு.

இப்போதைக்கு பேக்பிளேட், விங், ஒரு ஜோடி ரெகுலேட்டர் போதும். மற்றதெல்லாம் உன்னோடு இறங்கப்போகிறவர் யார் என்று முடிவான பிறகு. அவர் கிடைத்ததும் எனக்கு எழுது. மட்டக்களப்பில் கடைசி டைவ் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, அதற்குப் பின் எந்த விமானம் என்பதையும் சேர்த்து எழுது. டிக்கெட் போடும் முன் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
குன்னூர் அக்கா