வெளிநாடு செல்வோரும் அவர்களது தொலைபேசிச் சார்ஜரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் வேலைக்காகவும், உம்றாக் கடமைக்காகவும், தமிழகக் கோயில்களைத் தரிசிக்கவும் புறப்படுகின்றவர்கள் கடவுச்சீட்டையும் விசாவையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார்கள். கையடக்கத் தொலைபேசியைப் போகிற நாட்டில் எப்படிச் சார்ஜ் செய்வது என்பதை மட்டும் அங்கே இறங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். விமானச்சீட்டு, விசாவின் பிரதி, அழைத்துச் செல்ல வருபவரின் இலக்கம், தங்குமிட முகவரி எல்லாமே இன்று அந்த ஒரு கருவிக்குள் இருப்பதனால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பயிற்சி நெறிகளிலும், எங்கள் பகுதிப் பயண முகவர் நிலையங்களிலும் இதனை முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கிழக்கிலிருந்து செல்பவருக்கு இதில் கூடுதல் சிரமம் உண்டு. அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ இரவு பஸ் ஏறி, அல்லது மட்டக்களப்பில் ரயில் ஏறி, கொழும்பு சென்று, அங்கிருந்து கட்டுநாயக்கவை அடைந்து, விமானம் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலத்துக்கு முன்பே வரிசையில் நின்று, பின்னர் வளைகுடாவில் போய் இறங்கும்போது வீட்டுச் சுவரில் தொலைபேசியைச் சார்ஜ் செய்து ஏறத்தாழ ஒரு முழு நாள் கடந்திருக்கும். வழியெல்லாம் வீட்டாருடன் வட்ஸ்அப்பில் பேசியும் படம் பார்த்தும் வருபவரின் தொலைபேசி, மிக அவசியமான அந்த நேரத்தில் அணைந்து கிடப்பதில் வியப்பில்லை.

ஐக்கிய அரபு இராச்சியம், கட்டார், குவைத், ஓமான், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் பொதுவாக இருப்பது நமது புதிய வீடுகளில் உள்ள அதே 13 ஆம்பியர் சதுர முனைச் சொக்கட்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிரித்தானியாவிலும் அதுவே. சவூதி அரேபியாவிலும் இன்று அதுவே நியமம். பழைய கட்டடங்கள் சிலவற்றில் மாத்திரம் தட்டையான இரு முனைக்குரியவை எஞ்சியுள்ளன. ஆகவே இந்த நாடுகளுக்குச் செல்பவர் பெரும் விலை கொடுத்து 'உலகப் பொது அடப்டர்' வாங்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. சதுர முனை கொண்ட நல்ல சார்ஜர் ஒன்று போதும். ஆனால் இங்கே விற்கப்படும் தொலைபேசிகள் பலவற்றுடன் வருவது இரண்டு வட்ட முனைச் சார்ஜர் என்பதால், சொக்கட்டின் மேல் துளையில் பேனையையோ குச்சியையோ குத்திக்கொண்டு கீழே சார்ஜரைத் திணிக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. கீழிரு துளைகளையும் மறைக்கும் தடுப்பு, பிளக்கின் நீளமான புவித்தொடுப்பு முனை உள்ளே போனால் மட்டுமே விலகும்படி, குழந்தைகளின் பாதுகாப்புக்காக அமைக்கப்பட்டது. பேனை அந்தப் பாதுகாப்பை ஏமாற்றுகிறது. மெல்லிய வட்ட முனைகள் அகன்ற தொடுகைகளைச் சரியாகப் பற்றாமல் தளர்ந்து சூடேறுவதும் உண்டு. இங்கே பழகிய கை அங்கே எஜமானரின் வீட்டிலும் இதையே செய்யும். சொக்கட் கருகினால் பழியும் செலவும் பணிக்குச் சென்றவரின் தலையில் விழும். பியூஸ் உள்ள, இரு முனையை மூன்று முனையாக்கும் இணைப்பு எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

இந்தியாவில் நமது பழைய 5 ஆம்பியர் மூன்று வட்ட முனைப் பிளக் இன்றும் செல்லும்; இரு வட்ட முனைச் சார்ஜரும் அங்கே பெரும்பாலும் பொருந்தும். கொரியாவுக்கும் இரு வட்ட முனை போதும். ஜப்பானுக்கும் வட அமெரிக்காவுக்கும் செல்பவர்களுக்குத்தான் தட்டையான இரு முனைக்கான அடப்டர் கட்டாயம் தேவைப்படுகிறது. இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். அடப்டர் முனையின் வடிவத்தை மாற்றுமே தவிர மின்னழுத்தத்தை மாற்றாது. தொலைபேசிச் சார்ஜரின் உடலில் பொடி எழுத்தில் 'இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்' என்று அச்சிடப்பட்டிருந்தால், நமது 230 வோல்ட்டிலும் ஜப்பானின் 100 வோல்ட்டிலும் அது பழுதின்றி இயங்கும். சோறு சமைக்கும் குக்கருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் இது பொருந்தாது: 230 வோல்ட்டுக்கெனச் செய்த குக்கர் ஜப்பானில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பத்தைக்கூடத் தராது. அங்கிருந்து உறவினர் அனுப்பும் 100 வோல்ட் சாதனத்தை இங்கே நேரே செருகினால் நடப்பது இதைவிட மோசம்.

தொலைபேசியில் செருகும் முனை விடயத்தில் உலகம் ஓரளவு ஒன்றுபட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதலும், சவூதி அரேபியா 2025 ஜனவரி முதலும் டைப்-சி முனையைக் கட்டாயமாக்கியுள்ளன. சுவரில் செருகும் முனைக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை.

இடைவழிக்குத் துணையென்று பலரும் எடுத்துச் செல்லும் பவர் பாங்க் பற்றி முகவர்கள் வாய் திறப்பதே அரிது. அதனைக் கையோடு கொண்டுசெல்லும் பையில்தான் வைக்க வேண்டும்; விமானத்தின் அடியில் ஏற்றும் பெட்டியில் வைக்கக் கூடாது. அதன் கொள்ளளவு 100 வாட்-மணி (Wh) வரை இருந்தால் பொதுவாக அனுமதி உண்டு. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அதன் உடலில் அச்சிட்டிருக்கும் மில்லி ஆம்பியர் மணியை (mAh) 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் இந்த அளவு கிடைக்கும்: 20,000 என்று எழுதியிருப்பது 74 வாட்-மணி, ஆகவே தடையில்லை. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில் பயணிகள் ஏறியிருந்த விமானமொன்று எரிந்தது. அதற்குப் பவர் பாங்க் ஒன்று காரணமாக இருக்கலாம் என அந்நாட்டு விசாரணையாளர்கள் தெரிவித்தனர். அந்த ஆண்டில் விதிகள் இறுகின. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் ஏப்ரல் முதல், விமானத்தினுள் பவர் பாங்கால் சார்ஜ் செய்வதைத் தடுத்தது. எமிரேட்ஸ் ஒக்டோபர் முதல், ஒருவருக்கு ஒன்று மட்டுமே, அதுவும் கொள்ளளவு தெளிவாக அச்சிடப்பட்டதாக இருக்க வேண்டும், விமானத்தினுள் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. பெயரும் அளவும் அழிந்துபோன மலிவுப் பவர் பாங்கைச் சந்தையில் வாங்கிச் செல்பவர் அதைப் பாதுகாப்புச் சோதனையில் இழக்க நேரிடலாம். விமானத்தினுள் அதை நம்ப முடியாது என்பதால், கட்டுநாயக்கவில் காத்திருக்கும் நேரத்திலேயே தொலைபேசியை நிரப்பிக்கொள்வது நல்லது.

வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களுக்கான பயிற்சியில் சலவை இயந்திரத்தையும் நுண்ணலை அடுப்பையும் கையாளக் கற்பிக்கிறார்கள். அதே மேசையில் ஒரு சார்ஜரையும் ஒரு பவர் பாங்கையும் வைத்து, அவற்றின் உடலில் உள்ள எழுத்துகளை வாசிக்கப் பழக்குவதற்கு அரை மணித்தியாலம் போதும். ஆங்கிலம் அறியாதவர்களுக்கு அந்த எண்களைக் காட்டினாலே விளங்கும். முகவர் நிலையங்கள் விமானச்சீட்டு வைத்துக் கொடுக்கும் உறையின் பின்புறத்தில், செல்லும் நாட்டின் பிளக் வடிவத்தையும் வோல்ட்டையும் தமிழில் அச்சிடலாம். அழைக்க வருபவரின் இலக்கத்தைக் கையால் எழுதிக்கொள்ள அதிலேயே இரண்டு வெற்று வரிகள் விடுவதும் நன்று; தொலைபேசி அணைந்தாலும் காகிதம் அணையாது.

நாடுகளின் பிளக் வடிவங்களைப் படத்துடன் காட்டும் சிறு அட்டவணை ஒன்றைத் தங்கள் பத்திரிகை வெளியிடுமாயின், அதனை வெட்டியெடுத்து எங்கள் பிரதேச நூலகங்களிலும் பள்ளிவாசல், கோயில் அறிவித்தல் பலகைகளிலும் ஒட்டுவதற்கு இங்குள்ள வாசகர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னியல் பயிற்றுநர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.