தனியார் பராமரிப்பு – மறுவாழ்வு மையங்களின் தரத்தை நேரில் ஆய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
சத்துணவு அமைப்பாளர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில் இணைத்துள்ளேன்.)

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: முதியோரையும் பக்கவாத நோயாளிகளையும் தங்கவைத்துப் பராமரிக்கும் தனியார் மையங்களை முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்யவும், நோயாளியின் உடல்நிலையைப் பார்த்துத் தரத்தை மதிப்பிடவும், முடிவைப் பொதுமக்கள் அறிய வெளியிடவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 71. நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். கடந்த ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் காலை, தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவருக்கு இடது கையில் பிடித்திருந்த இலை நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்தார்கள், 11 நாள் வைத்திருந்து பார்த்தார்கள், உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இடது கை, இடது கால் வரவில்லை. பேச்சு குழறினாலும் புரிந்தது. முதல் மூன்று மாதத்தில் பயிற்சி விடாமல் கொடுத்தால் நிறையத் தேறிவிடுவார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

என் கணவருக்குத் திருப்பூரில் வேலை. தம்பி துபாயில் இருக்கிறான். நான் காலை எட்டரைக்குப் பள்ளிச் சத்துணவு மையத்தில் அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும். பகலில் அம்மாவைத் தூக்கிப் புரட்ட வீட்டில் ஆள் இல்லை. ஊர் என்ன பேசும் என்று தெரிந்துதான் பாளையங்கோட்டையைத் தாண்டி, பைபாஸ் பக்கம் உள்ள ஒரு தனியார் பராமரிப்பு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மாதம் 28,000 ரூபாய். டயபர், மாத்திரை தனி. அந்த மையத்தின் பெயரை இந்த மனுவில் எழுதவில்லை. கட்டிய பணத்தைத் திருப்பி வாங்க வேண்டும் என்பதற்காகவும் இதை எழுதவில்லை.

சேர்ப்பதற்கு முன் போய்ப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். வாசலில் மீன் தொட்டி, சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள், பினாயில் மணக்கும் தரை, குறை சொல்ல எதுவும் இல்லை. எதைப் பார்க்க வேண்டுமோ அதைத்தான் நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரியவும் இல்லை.

பார்வை நேரம் மாலை நான்கிலிருந்து ஐந்து மணி வரை. ஞாயிறும் போவேன், புதன் பள்ளிக்கூட வேலை முடித்து, பஸ் பிடித்துப் போய்விடுவேன். எப்போது போனாலும் அம்மா தலை சீவி, முகத்தில் பவுடர் பூசி, சாய்மானமாக உட்கார்ந்திருப்பார். மூன்றாவது வாரத்திலிருந்து ஒரே ஒரு பேச்சுத்தான்: "ஏளா, முதுகுல எறும்பு ஊருதுளா." போர்வையை உதறிப் பார்ப்பேன், எறும்பு இருக்காது. "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் எதையாவது பொலம்புவாங்க" என்பார் மேற்பார்வையாளர். நானும் நம்பினேன். இதை எழுதும்போதுகூட அந்த நம்பிக்கைக்காக வெட்கப்படுகிறேன்.

ஏழாவது வாரம் உள்ளூர் விடுமுறை ஒன்று வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் காலை 10.40-க்குப் போய் நின்றேன். உள்ளே விட யோசித்தார்கள். அம்மா ஈரத்தில் கிடந்தார். நாக்கு காய்ந்து வெடித்திருந்தது. டயபர் அடிக்கடி நனையாமல் இருக்கத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. செயலில் உள்ள வலது கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு டம்ளர் வைத்திருந்தால் அவரே எடுத்துக் குடித்திருப்பார். டம்ளர் இடது பக்கம் இருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்ததற்கு டிக் அடிக்கும் அட்டை. மணி 10.40. அட்டையில் மாலை நான்கு மணி வரை டிக் விழுந்திருந்தது, எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. பதினாறு வருஷமாக நானும் பதிவேடு எழுதிப் பிழைக்கிறவள். உட்கார்ந்த இடத்தில் மொத்தமாக அடித்த டிக் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்தேன். வால் எலும்புக்கு மேல் புண். வெளியே ஒரு ரூபாய்க் காசு அகலம்தான். அன்று மாலை அரசு மருத்துவமனையில் டாக்டர் திறந்து பார்த்தபோது உள்ளே உள்ளங்கை அளவுக்குக் குடைந்திருந்தது. எறும்பு என்று அம்மா சொன்னது அதைத்தான். அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். புண் ஆற சித்திரை வரை ஆனது.

ஆட்சியர் அவர்கள் கவனத்துக்கு இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். சாப்பிடுவது, உடுத்துவது, கக்கூஸ் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது என்று பத்து அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று பார்த்து 100-க்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. பார்தெல் குறியீடு என்பார்கள். அரசு மருத்துவமனையிலிருந்து வெளியே வரும்போது அம்மாவின் சீட்டில் 35 என்று எழுதியிருந்தது. மறுவாழ்வு மையம் என்று போர்டு மாட்டிய இடத்தில் ஏழு வாரம் இருந்துவிட்டு வந்த பிறகு எண்ணினால் 15. தினமும் பிசியோதெரபி என்று ரசீதில் இருந்தது. வந்தவர் செவ்வாயும் வெள்ளியும் வந்து கட்டிலுக்குப் பத்து நிமிஷம் நின்றிருக்கிறார். சும்மா கிடந்த முழங்கால் மடங்கினபடியே இறுகிவிட்டது. செயலற்ற கையைப் பிடித்து இழுத்துத் தூக்கியதில் தோள் மூட்டு இறங்கிவிட்டது. பக்கவாதம் வந்தவரைக் கக்கத்தில் கை கொடுத்து இழுக்கக் கூடாது என்பது இந்த வேலையின் அரிச்சுவடி.

அங்கே வேலை செய்யும் பெண்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. ஒரு பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ராத்திரி இருபத்திமூணு பேருக்கு நான் ஒருத்திதான்" என்றாள். இருபது வயதுகூட இருக்காது. ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் இருபத்துமூன்று பேரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். முடிந்த கையோடு முதல் கட்டிலில் மறுபடி தொடங்க வேண்டும். டிக் அடிக்காமல் அவள் வேறென்ன செய்வாள்? ஆய்வு என்று வந்து கடைசியில் அவளுக்கு மட்டும் மெமோ கொடுத்துவிட்டுப் போய்விடக் கூடாது என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

புகார் சொல்லப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில், அது மருத்துவம் பார்க்கிற இடம், எங்களுக்கு வராது என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், அது முதியோர் தங்குகிற இடம், எங்களுக்கு வராது என்றார்கள். மூன்று முறை அலைந்தேன். நம் பக்கத்தில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவமும் ஆபரேஷனும் பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரி. முதியோர் இல்லம் என்றால் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற தாத்தாக்கள். இரண்டிலும் சேராமல், மூக்கில் குழாயும் மூத்திரப் பையுமாக மாதக்கணக்கில் படுத்திருப்பவர்களுக்கான இடங்கள் இப்போது வந்துவிட்டன. பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, வீட்டைப் பூட்டிவிட்டுப் பெற்றவர்களை இங்கே விடுகிறோம். இடம் புதிது என்பதால் சட்டம் இல்லை என்று ஆகிவிடாது. நோயாளிக்குச் சிகிச்சை தருகிற இடம் என்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 1997 இருக்கிறது, அதற்கு 2018-இல் விதிகளும் வந்தன. முதியோர் தங்குகிற இடம் என்றால் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 இருக்கிறது. அதன் 22-ஆம் பிரிவு, சட்டத்தை முறையாக நடைமுறைப்படுத்தும் அதிகாரத்தையும் பொறுப்பையும் மாவட்ட நிர்வாகத் தலைவருக்கு மாநில அரசு வழங்க இடம் தருகிறது. இரண்டு துறையையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத் தங்களால்தான் முடியும் என்பதால் இந்த மனு தங்களிடம் வருகிறது.

என் வேலையை வைத்து ஒன்று கேட்கிறேன். என் மையத்தில் அறுபது பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அரிசி இருப்புக்கு ஒரு பதிவேடு, முட்டை எண்ணிக்கைக்கு ஒன்று, வருகைக்கு ஒன்று. பரிமாறுவதற்கு முன் ருசி பார்த்தாக வேண்டும். வட்டார அலுவலகத்திலிருந்து எப்போது ஜீப் வரும் என்று தெரியாது. வந்தவர் நோட்டைப் பார்ப்பதோடு நிற்க மாட்டார், அண்டாவுக்குள் கரண்டியை விட்டுப் பார்ப்பார். ஒரு வேளைச் சோற்றுக்கே இவ்வளவு கண்காணிப்பு இருக்கிறது. வாய் திறந்து சொல்ல முடியாமல் இருபத்துநான்கு மணி நேரமும் படுத்திருப்பவர்களின் அண்டாவுக்குள் கரண்டி விட்டுப் பார்க்க யாராவது வர வேண்டாமா?

தீயணைப்புச் சான்றும் கட்டட அனுமதியும் வேண்டியவைதான். ஆனால் ஆய்வுக்கு வருகிறவர்கள் அலுவலக அறையில் காபி குடித்து ஃபைல் பார்த்துவிட்டுத் திரும்பினால் எங்களுக்குப் பலன் இல்லை. ஒரு நோயாளியின் போர்வையை விலக்கி இரண்டு குதிகாலையும் வால் எலும்பையும் இடுப்பெலும்பையும் தொட்டுப் பார்க்கட்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். நம்மவர்களின் கருத்த தோலில் சிவப்பு தெரியாது, புறங்கையை வைத்தால் சூடும் கெட்டியும் தெரியும். நகம் வெட்டியிருக்கிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா, மாதாமாதம் எடை போட்டிருக்கிறார்களா, கட்டிலில் கை கட்டிய தடம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். பகல் பதினொரு மணிக்கு வார்டே ஆழ்ந்து தூங்கினால் என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று கேட்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் வந்தால் இன்னும் நல்லது. படுத்தபடி இருக்கிறவர் வாயில் கஞ்சியை ஊற்றினால் புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். குழாய் வழியாகக் கொடுத்தாலும் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் ஒழிய இது எந்தப் பதிவேட்டிலும் தெரியாது.

இதையெல்லாம் எனக்குக் கற்றுத்தந்தவள் என் சின்னம்மா மகள். அமெரிக்காவில் நர்சாக இருக்கிறாள், அம்மாவைத் தூக்கிவந்த அன்று இரவு முழுக்க வீடியோ காலில் இருந்தாள். அங்கே 2008 முதல் இந்த மாதிரி இல்லங்களுக்கு அரசே ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்து இணையத்தில் போடுகிறதாம். திடீர் ஆய்வில் கண்ட குறைகள், ஆள் எண்ணிக்கை, படுக்கைப் புண் போன்ற தரக் கணக்குகள் என்று மூன்றையும் சேர்த்துத்தான் நட்சத்திரம். இன்றைய ஷிஃப்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸ், எத்தனை உதவியாளர் என்று தினமும் வாசலில் எழுதிப்போட வேண்டுமாம். அங்கேயும் கணக்கைக் கூட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு, நட்சத்திரத்தை மட்டும் நம்பிவிடாதே, மூக்கையும் நம்பு என்றும் சொன்னாள். நட்சத்திரம் நமக்கு உடனே வராவிட்டாலும் பரவாயில்லை. அந்த வாசல் பலகை ஒரு சாக்பீஸ் செலவுதான்.

ஆகவே சமூக நலத் துறை, மருத்துவ நலப்பணிகள் ஆகிய இரண்டிலிருந்தும் அலுவலர்களையும், அவர்களோடு ஓர் அரசு செவிலியரையும் பிசியோதெரபிஸ்டையும் சேர்த்து ஒரு குழு அமைத்து, மாவட்டத்தில் உள்ள இத்தகைய மையங்கள் அனைத்தையும் சொல்லாமல் போய்ப் பார்க்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரவிலும் ஒரு முறை போக வேண்டும். நோயாளி சேரும் அன்றே புண் வரும் அபாயத்தை மதிப்பிடும் பிரேடன் அளவுகோலைப் போட்டு வீட்டாரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். 23-க்கு 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் கூடுதல் கவனம் தேவை என்பது அதன் கணக்கு. மறுவாழ்வு என்று பெயர் வைத்திருந்தால் மாதம் ஒருமுறை பார்தெல் மதிப்பெண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். எண் ஏறவில்லை என்றால் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். பார்வை நேரம் என்ற பூட்டைத் திறந்துவிடுங்கள். குடும்பத்தில் ஒருவர் எந்த நேரமும் வரலாம் என்று ஆகிவிட்டால் பாதி ஆய்வை நாங்களே செய்துவிடுவோம். முதியோர் உதவி எண் 14567 ஒவ்வொரு வார்டிலும் கட்டிலில் படுத்திருப்பவர் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் எழுதப்பட வேண்டும். ஆய்வு முடிவுகளை மாவட்ட இணையதளத்தில் வெளியிட வேண்டும்.

நன்றாக நடக்கிற இடங்களும் இருக்கின்றன, அவையும் அந்தப் பட்டியலில் வரட்டும். வேறு இடம் தேடிய நாட்களில் கிராமத்துப் பக்கம் ஒரு சின்ன இல்லத்துக்குப் போனேன். மீன் தொட்டி இல்லை, ஓட்டுக் கூரை. முன்னறிவிப்பு இல்லாமல் போனவளை நேரே வார்டுக்குள் விட்டார்கள். ஒரு பாட்டிக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்த பெண், "முழுங்குங்க ஆச்சி, பையப் பைய" என்று சொல்லி, அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய் கொடுத்தாள். அங்கே இடம் காலி இல்லை.

அம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வந்து போகிறார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாதச் சம்பளம் கொடுத்துப் பகலில் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் 55-க்கு வந்திருக்கிறது. இடது கையில் பீடி இலையைப் பிடித்துப் பார்க்கிறார், இலை இன்னும் கையில் நிற்கவில்லை.

அரசு மருத்துவமனைச் சீட்டுகளின் நகல், நான் கைபேசியில் எடுத்த அந்த அட்டையின் படம் (படம் எடுத்த நேரம் அதிலேயே உள்ளது), பணம் கட்டிய ரசீதுகள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். மையத்தின் பெயரைக் குழுவிடம் நேரில் சொல்வேன். விசாரணைக்கு எந்த நாள் அழைத்தாலும் வருகிறேன். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து அண்டா கழுவ இரண்டு மணி ஆகிவிடும், அதற்கு மேல் நேரம் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: முக்கூடல்