தோண்டுன ரோட்டை மூடித் தரவும், கடை யாவார நஷ்டத்துக்கு ஈடு குடுக்கவும் கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மதுரை.
அனுப்புநர்: அவனியாபுரம் தெருக்கடைக்காரங்க.

ஐயா வணக்கம்,

போன திங்கக்கிழமையும் வந்து மனு குடுத்தோம், ரசீது கையில இருக்கு. எங்க ஊரு 2011லதான் மாநகராட்சியோட சேந்துச்சு, அதுலருந்து லாரித்தண்ணிக்கு குடத்தோட நிக்கிறோம். அதனால தேனி மாவட்டம் லோயர் கேம்ப்லருந்து முல்லைப் பெரியாறு தண்ணி தெனமும் 12.5 கோடி லிட்டர் மதுரைக்கு வருதுன்னதும் சந்தோசப்பட்டது நாங்கதான், குழாய் வேணாம்னு யாரும் சொல்லல.

ஆனா கான்ட்ராக்டர் ஆளுங்க தெருவைத் தோண்டி குழாயைப் பதிச்சு மண்ணை மேலாப்புல தள்ளிட்டுப் போயி மூணு மாசம் ஆகுது. என் இட்லிக்கடை வாசல்ல பழைய கட்டில் பலகையைப் போட்டுத்தான் ஆளு உள்ள வரணும், மழை பேஞ்ச அன்னைக்கு ஒரு பெரியவர் தூக்குச்சட்டியோட வழுக்கி சாம்பார் பூரா பள்ளத்துல, நல்லவேளை கால் முறியல. காலையில பத்து ஈடு இட்லி ஊத்துன எடத்துல இப்ப மூணு ஈடு ஊத்துனாலே மாவு மிஞ்சிப் புளிக்குது. பக்கத்து பருத்திப்பால் வண்டிக்காரரு வேற தெருவுக்கே போயிட்டாரு.

எங்க தெரு வேலை ஆசிய வளர்ச்சி வங்கி கடன்னு இங்க வந்த சூப்பர்வைசர்தான் சொன்னாரு. 2018ல தமிழ்நாட்டுல 10 நகரத்துக்குக் குறையாம தண்ணி, சாக்கடை வேலைக்கு 50 கோடி டாலர்னு அவங்க ஒத்துக்கிட்ட பணம், வட்டியோட கட்டப்போறது நம்ம வரிதானே? வேலையால பொழப்பு போறவங்களுக்கு ஈடு குடுக்கணும்னு அந்த வங்கியோட 2009 பாதுகாப்புக் கொள்கையிலயே இருக்கு, ஆனா எங்க தெருவுல ஒருத்தரும் நோட்டோட வந்து யாவாரம் எவ்வளவுன்னு கேக்கல. கான்ட்ராக்டரைக் கேட்டா ஆபீஸ்ங்கிறாரு, ஆபீஸ்ல கேட்டா கான்ட்ராக்டருங்கிறாங்க.

கடன் பணம்னாலே எங்களுக்கு பயம்தான் ஐயா, தோப்பூர் எய்ம்ஸும் ஜப்பான் கடன்தான், 2019ல அடிக்கல் நட்டு கட்டட வேலை தொடங்கவே 2024 ஆச்சு. எங்க தெரு அம்புட்டு நாள் தாங்காது.

ரோட்டை என்னைக்குப் போடுவாங்கன்னு தேதி எழுதி தெருமுனையில போர்டு வைக்கச் சொல்லுங்க, அதுவரைக்கும் கடைக்குக் கடை கைப்பிடி வச்ச இரும்புப் பலகை போடணும், யாவார நஷ்டத்தைக் கணக்கெடுக்க ஒரு ஆளை அனுப்புங்க, நாங்க மாவு, கேஸ் சிலிண்டர் பில்லு எல்லாம் எடுத்து வச்சிருக்கோம். தை ஒண்ணாம் தேதி இங்க ஜல்லிக்கட்டு, வருசத்துல எங்களுக்குப் பெரிய யாவாரமே அந்த நாளுதான், அதுக்குள்ள ரோடு வேணும் ஐயா.

இப்படிக்கு,
தெருக்கடைக்காரங்க (கையெழுத்து தனித்தாள்ல இணைச்சிருக்கோம், ரெண்டு பேரு கைநாட்டு)