கோல்விட்ஸின் மரச்செதுக்கு: ஒரு விளக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஜெர்மானிய அச்சோவியங்கள் பற்றிய கட்டுரையில், ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1920-இல் முடித்த ‘கார்ல் லீப்க்னெக்ட் நினைவுப் படம்’ என்னும் மரச்செதுக்கை (மரப்பலகையில் செதுக்கி, மை தடவி அச்செடுத்த படத்தை) கண்டு மகிழ்ந்தேன். ஆனால், மரப்பலகையில் நுணுக்கமாக வேலை செய்ய இயலாததால்தான் அதன் கோடுகள் கரடுமுரடாக இருக்கின்றன என்ற கட்டுரையாளரின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

1919 ஜனவரி 15 அன்று பெர்லினில் இடதுசாரிப் புரட்சித் தலைவர் லீப்க்னெக்ட் கொல்லப்பட்டபின், அவருடைய குடும்பத்தாரின் வேண்டுகோளுக்கிணங்கப் பிணவறைக்குச் சென்று உடலை வரைந்தவர் கோல்விட்ஸ். அந்த வரைபடங்களைக் கொண்டு முதலில் எட்சிங்கிலும் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுப்பது) அடுத்து லித்தோகிராஃபிலும் (கல்லில் வரைந்து அச்செடுப்பது) முயன்றார். சாம்பல் நிறத்தின் எத்தனையோ சாயல்களுக்கு இடம்தரும் அவ்விரண்டிலும் அவர் கைதேர்ந்தவர். இருந்தும் மனம் நிறையவில்லை. ஜெர்மானியச் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாகின் மரச்செதுக்குகளைப் பார்த்த பிறகே, ஐம்பது வயதைக் கடந்த நிலையில், மரத்தைச் செதுக்கத் துணிந்தார். பலகையில் செதுக்கி எடுத்த இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம் கறுப்பு. அந்தக் கண்டிப்பைத் தேடித்தான் அவர் மரத்திடம் வந்தார்.

படத்தின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் துணி போர்த்திய உடல் கிடக்கிறது. அதன்மேல் குனிந்திருப்பவரின் பெரிய கை, இறந்தவரின் மார்பில் பதிந்திருக்கிறது. பின்னால் நெருக்கியடித்து நிற்கும் முகங்களிடையே கைக்குழந்தையுடன் ஒரு தாய். அம்முகங்களில் உளி இழுத்த கீறல்களை மழமழப்பாக்கியிருந்தால் துக்கம் வெறும் அலங்காரமாகியிருக்கும்.

1905-இல் டிரெஸ்டனில் தொடங்கிய ‘டி ப்ரூக்க’ என்னும் ஓவியர் குழுவினரும் மரத்தின் முரட்டுத்தன்மையை விரும்பியே கையாண்டார்கள். அவர்களுக்கு முன்பே மரத்தின் ரேகைகள் அச்சில் தெரியும்படி விட்டவர் நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க். உள்ளத்து உணர்ச்சியை அழுத்தமாக வெளிக்காட்டும் எக்ஸ்பிரஷனிசத்தின் இந்த மரபோடு கோல்விட்ஸுக்கு உறவு உண்டு என்றாலும், அவர் ‘டி ப்ரூக்க’ குழுவின் உறுப்பினர் என்று கட்டுரை குறிப்பிடுவது சரியல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாங்கள் அச்சிட்ட படத்தில் அடிப்பட்டை வெட்டுப்பட்டிருக்கிறது. ‘உயிரோடிருப்போர் இறந்தவருக்கு’ என்னும் பொருள்பட அவர் வாசகம் பொறித்தது அந்த இடத்தில்தான். மரச்செதுக்கில் எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பமாக, இடவலம் மாற்றி, ஒவ்வொன்றாக வெட்டியாக வேண்டும். அத்தனை பாடுபட்டுப் பொறித்த வரியோடு முழுப் படத்தையும் ஒருமுறை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்