சனிக்கிழமை அமர்வுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் நகரில் சனிக்கிழமை மாலைதோறும் ஒரு மணி நேரம் பேசாமல் அமர்ந்திருக்கும் எங்கள் சிறு குழுவில் வள்ளலார் வழியில் நிற்பவர்களும், இறைவன் பெயரைத் திரும்பத் திரும்ப ஓதித் திக்ரு செய்பவர்களும், செபமாலையோடு வருபவர்களும், எந்தக் கடவுளையும் ஏற்காத இருவரும் உண்டு. பாதாளச் சாக்கடைக்குள் இறக்கிவிடப்பட்டு மூச்சடைத்து இறந்த தொழிலாளி ஒருவரின் மனைவிக்குச் சேர வேண்டிய 30 லட்சம் ரூபாய் சென்ற மாதம் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. அதற்குக் கைகொடுத்தவர்களுக்காகவே இந்த மடல்.

முதல் நன்றி, நாங்கள் கூடும் தெருவைக் கூட்டும் அம்மாவுக்கு. இரண்டு ஆண்டுகளாக நாங்கள் சன்னலைச் சாத்திக்கொண்டுதான் அமர்ந்திருந்தோம். சாக்கடை அள்ளி வாசலில் குவித்திருந்த ஒரு மாலையில் அவர் உள்ளே எட்டிப் பார்த்து, "கண்ண மூடிக்கிட்டா நாத்தம் தெரியாதோ சார்?" என்று கேட்டார். அதில் கேலி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்று எங்களில் யாருக்கும் மனம் நிலைகொள்ளவில்லை. மறுவாரம் அவரையே அழைத்து அமரவைத்துப் பேசச் சொன்னபோதுதான், இறந்தவர் அவருடைய தங்கையின் கணவர் என்பதும், ஒப்பந்தக்காரர் ஐம்பதாயிரத்தைக் கொடுத்து, "தவறி விழுந்தார்" என்று எழுதிய தாளில் அந்தத் தங்கையிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார் என்பதும் தெரியவந்தன.

வழக்கறிஞர் அம்மையாருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. கைகளால் கழிவு அகற்றும் வேலையைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது என்பதையும், 2014-இல் 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் வகுத்த இழப்பீடு 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது என்பதையும் எங்களுக்குச் சொன்னவர் அவரே. கட்டணமாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமையில், ஒன்றல்ல, ஏழு முறை மனுவோடு வரிசையில் நின்றோம். ஆறாவது முறை, வாரிசுச் சான்றிதழில் ஒரெழுத்துப் பிழை என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். நான் கத்தத் தொடங்கினேன்; ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் குழுவின் பெரியவர் என்னைத் தாழ்வாரத்தில் தம் அருகே அமரவைத்தார். மற்றவர்களும் வந்து சேர்ந்து, மூச்சை மட்டும் கவனித்தபடி அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். என் கோபம் ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை. ஆனால் அன்று மாலையே சான்றிதழைத் திருத்தக் கோரி எழுதும் அளவுக்குக் கை நடுங்காமல் இருந்தது. வடலூரில் பசித்தவர்களுக்காக 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறதே, சோற்றை விட்டுவிட்டா வள்ளலார் சோதியைத் தேடினார் என்று அந்தப் பெரியவர் அடிக்கடி கேட்பார். பொதுவாக எனக்கு அறிவுரை பிடிக்காது, இதை மட்டும் பொறுத்துக்கொள்கிறேன்.

இறந்தவரின் குழந்தைகள் இருவரையும் அந்தத் திங்கட்கிழமைகளில் பள்ளி விட்டதும் அழைத்துவந்து சோறு போட்ட மடத்துக் கன்னியர்களுக்கும், மனுவை மும்முறை தட்டச்சு செய்து ஒருமுறைக்கு மட்டும் காசு வாங்கிய கணினி மையத்துப் பெண்ணுக்கும், தேநீர்க் கணக்கை இன்னும் சொல்லாத கடைக்காரருக்கும் நன்றி.

இடமும் விரிப்பும் தந்த ஜமாஅத்தாருக்கு ஒரு செய்தி: ஜமக்காளங்கள் இரண்டையும் துவைத்துக் காயப்போட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன் கொண்டுவந்து சேர்த்துவிடுவோம்.

இவண்,
சனிக்கிழமை அமர்வினர்