மீதிப் பதினொன்று

அண்ணே,

மாடி அறையைக் காலி செய்தாகிவிட்டது. கட்டடக்காரர் ஆடியிலேயே கேட்டார். இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து ஐப்பசி வரை ஓட்டினோம். போன ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். போட்டோ கிளப்பின் பொருளாளராக என் கையில் கடைசியில் மிஞ்சியது 1,340 ரூபாயும் ஒரு சந்தா நோட்டும். அந்த நோட்டில் 2014 நவம்பரிலிருந்து உங்கள் பெயருக்கு நேரே வெறும் கோடுதான். பெயரை அடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. எனக்கும்தான்.

போன் செய்தால் எடுப்பதில்லை. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதை எல்லாம் வாசிக்கிறீர்கள் என்று உங்கள் பேத்தி சொன்னாள். அதனால்தான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். உங்களை மாட்டிவிட என்று நினைக்க வேண்டாம். வேறு கதவு இல்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வீடு ஏன் பிரிக்கப்பட்டது, எத்தனை புள்ளிக்கு, அதாவது எத்தனை குடும்பத்துக்கு, எத்தனை பங்கு, யார் கையெழுத்துப் போட்டார், யார் போடவில்லை, அதில் ஒரு சொல்லும் இங்கே வராது. இதை வாசிக்கிறவர்களில் உங்கள் பங்காளிகள் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. எனக்குத் தெரிந்ததே கொஞ்சம், அந்தக் கொஞ்சமும் நீங்கள் சொல்லித் தெரிந்தது.

அறையை ஒழிக்கும்போது மாதப் போட்டித் தலைப்புகளின் பட்டியல் கிடைத்தது. மதுரையிலிருந்து நடுவராக வந்தவர் ஒருமுறை அக்டோபருக்கு 'இலையுதிர்காலம்' என்று தலைப்புக் கொடுத்தார், ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் முழித்தோம். நம் பக்கம் அரசும் இலுப்பையும் உதிர்வது மாசி பங்குனியில். ஐப்பசியில் எந்த மரம் உதிர்கிறது? நீங்கள் மட்டும் எழுந்து, "ஐப்பசியில நம்ம ஊர்ல உதிர்றது ஓடுதான். வேணும்னா அதை எடுப்போம்" என்றீர்கள். அறையே சிரித்தது. அடுத்த மாதமே கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் என்று பூட்டின வீடாகத் தேடி அலைந்தோம். சரிந்த கூரை, முற்றத்தில் முளைத்த ஆலங்கன்று, மழை குடித்து உப்பிய கதவு. நல்ல படங்கள். யாருடைய வீடு என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை.

அப்புறம் வேட்டங்குடிப் பறவைச் சரணாலயம். அதற்கு நான் உங்களுக்குப் பட்ட கடன் பெரிசு. முதல் மழை விழுந்த அடுத்த ஞாயிறு, இருட்டோடு பஸ், உங்கள் தோளில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட கேமரா, ஆச்சி கட்டிக் கொடுத்த கந்தரப்பம். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க்கரையில் நின்று நத்தைக்குத்தி நாரையின் அலகைக் காட்டினீர்கள்: இரண்டு அலகும் சேர்ந்தாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், நத்தையைப் பிடிக்கத் தோதாக. "அந்தச் சந்துல வானம் தெரியுற மாதிரி எடு. அதுதான் அந்தப் பறவையோட கையெழுத்து." நான் எடுத்த நூறு படத்தில் ஒன்றில்தான் தெரிந்தது. 1977இல் சரணாலயம் என்று அரசு அறிவிப்பதற்கு முன்பே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதை விட்டிருந்தார்கள் என்று சொல்லிவிட்டு, "படம் எடுக்குறவனுக்கும் அந்தப் பொறுமை வேணும் ஆத்தா" என்றீர்கள். எனக்கு முப்பது வயது. ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதுவரை ஆத்தா என்று என்னைக் கூப்பிட்ட பெரிய வீட்டு ஆள் யாரும் இல்லை.

கிளப்பில் நான் ஒருத்திதான் பெண். டீ வாங்கி வரச் சொன்னவரிடம், "அவ உறுப்பினர், நீ போ" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கடிதம் இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

சரி, உங்கள் வீட்டைப் பிரித்த அந்த நாளுக்கு வருகிறேன்.

புரட்டாசிக்குள் முடிய வேண்டிய வேலை, ஆள் கிடைக்காமல் ஐப்பசிக்குத் தள்ளிப்போயிருந்தது. நான் போனபோது முற்றத்தைச் சுற்றிய வளவில் இரண்டு பத்தி ஓடு இறங்கியிருந்தது. முற்றத்தில் மட்டும் விழ வேண்டிய மழை பட்டாலைக் கூடத்திலும் விழுந்தது. தேக்குத் தூணில் கயிறு கட்டி ஆறு பேர் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். "விடு... விடு... பிடி" என்று ஒருவர் குரல் கொடுக்க, தூண் ஒரு கிழவரைப் படுக்க வைக்கிற மாதிரி இறங்கியது. நிலைக்கதவை முந்தின நாளே எடுத்துவிட்டிருந்தார்கள். வாசல் இருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. தரையில் பூக்கல் நனைந்து, அன்றைக்குத்தான் போட்டது போல நிறம் காட்டியது.

நீங்கள் பட்டாலை நடுவில் மர முக்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். கறுப்புக் குடையை விரித்துப் பிடித்திருந்தீர்கள், வீட்டுக்குள்ளே. மடியில் முகப்புக் கதவின் சாவி, ஒரு சாண் நீளம். கதவு போய்விட்டது, சாவி மட்டும் இருந்தது.

மூன்று படம் எடுத்தேன். முதல் இரண்டில் தூணைப் பார்க்கிறீர்கள். மூன்றாவதில் என்னைப் பார்க்கிறீர்கள். எடுத்து முடித்துக் கேமராவை இறக்கியதும் கேட்டீர்கள்: "ஷட்டர் எவ்வளவு வெச்சே?"

"ஒரு செகண்டுல முப்பதுல ஒண்ணு அண்ணே."

"மழை கோடாத்தான் விழும்" என்றீர்கள். அவ்வளவுதான். திரும்பவும் தூணைப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள்.

பத்து வருஷமாக அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். ஷட்டர் வேகம் கேட்டவர் படத்துக்குச் சம்மதித்தவர்தானே? எடுக்காதே என்று சொல்லவில்லையே? கிளப்பில் யார் என்னைக் குறை சொன்னாலும் இதைத்தான் சொன்னேன். ராத்திரியில் எனக்கும் இதையேதான் சொல்லிக்கொண்டேன். இப்போது ஐம்பதை நெருங்கும்போது தோன்றுகிறது: வேறு எதுவும் பேச முடியாத மனுஷன் தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டிருக்கிறார். சாவு வீட்டில் "எப்ப வந்தீங்க" என்று கேட்பதில்லையா, அது மாதிரி. அது சம்மதம் இல்லை.

போட்டிக்கு அனுப்பியது தப்பு. உங்களிடம் காட்டாமல் அனுப்பியது அதைவிடத் தப்பு. 'கடைசிப் பங்கு' என்று தலைப்பு வைத்தது எல்லாவற்றிலும் பெரிய தப்பு. அந்தத் தலைப்பு உங்கள் சொந்தக்காரர்களிடம் என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. மன்னித்துவிடுங்கள் அண்ணே. இதை நேரில் சொல்ல வந்த அன்றைக்கு நீங்கள் கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டிருந்தீர்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அதற்கு முந்தின இருபது வருஷம் நீங்கள் எடுத்தது யாருடைய படம்? திண்ணையில் தண்டட்டியோடு தூங்கின அப்பத்தா, கண்டாங்கித் தறியில் நூல் அறுந்து தலையில் கை வைத்த நெசவாளி, சரிந்த வளவுக்குள் தனியாகச் சோறு பொங்கிய ஆச்சி. அவர்களெல்லாம் சரி என்று சொன்னார்களா? அவர்கள் படத்துக்குப் பரிசு ரிப்பன் வந்தபோது நாமெல்லாம் கைதட்டினோமே. இடிகிற வீடு உங்கள் வீடு என்று ஆனதும் மட்டும் கேமரா கத்தியாகிவிட்டதா?

இப்படி எழுதியிருக்கக் கூடாது. அழிக்கவும் மாட்டேன்.

இனிமேல் சொல்லப் போவது உங்களுக்குத் தெரியாது. ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் சொல்லாமல் இருந்தேன்.

நான் படம் எடுக்க ஆசைப்பட்டுக் கிளப்புக்கு வரவில்லை. 2008இல் காரைக்குடியில் நீங்கள் வைத்த கண்காட்சிக்குக் கூட வேலை பார்த்த அக்காவோடு சும்மா வந்தேன். மூன்றாவது பலகையில் சதுரமாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு, அச்சின் ஒரு கட்டத்துக்குள் கரண்டியால் வண்ணச் சிமெண்டு ஊற்றுகிற இரண்டு கை. முகம் இல்லை. கீழே 'ஒரு தொழிலாளியின் கைகள், 1996'.

இடது கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருந்தது. சட்டம் விழுந்து நசுங்கின விரல். அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

அப்பா 2003இல் போய்விட்டார். அவர் வேலை செய்வதை யாராவது படம் பிடித்திருப்பார்கள் என்று எங்கள் வீட்டில் கனவில்கூட நினைத்ததில்லை. ஆனால் அவர் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது: "பட்டறைக்கு ஒரு செட்டியார் வந்தாரு. வயித்துக்கிட்ட ஒரு பெட்டிய வெச்சுக்கிட்டு, சாமி கும்பிடுற மாதிரி குனிஞ்சே நின்னாரு. என்ன வேண்டுதலோ." உங்கள் யாஷிகா மேட். மேலேயிருந்து குனிந்து பார்க்கிற கேமரா. தன்னைத்தான் எடுக்கிறீர்கள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

கிளப்பில் எங்களுக்கு நீங்கள் வைத்த முதல் விதி, "மொதல்ல பேரைக் கேளு, அப்புறம் கேமராவைத் தொறந்துக்க." அதை நீங்கள் எப்போது கற்றுக்கொண்டீர்கள், ஆத்தங்குடிக்கு முன்பா பின்பா? ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் படத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் அண்ணே என்றார்கள் என்று நானும் அண்ணே என்றேன். அப்பா இருந்திருந்தால் தள்ளி நின்று ஐயா என்றிருப்பார்.

அப்படியென்றால் குடைப் படம் பழிக்குப் பழியா என்று கேட்பீர்கள். இல்லை என்று பல தடவை எழுதிப் பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்கு உங்கள்மேல் பாவமாகத்தான் இருந்தது, அழுகைகூட வந்தது. அனுப்பும்போது என்ன இருந்தது என்று மட்டும் என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. அந்தத் தரையில் பதித்திருந்த பூக்கல் எந்தப் பட்டறைக் கல், யார் வார்த்தது என்று மழையில் நின்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. அப்பாவுக்கு முந்தின காலத்துக் கல்லாகத்தான் இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய வீடு ஒன்றை விடுதியாக்கியிருப்பவர்கள் வரவேற்புக் கூடத்தில் மாட்டக் குடைப் படத்தைக் கேட்டார்கள். 40,000 ரூபாய். என் ஐந்து மாதச் சம்பளம். அங்கே தேக்குத் தூண் வரிசையாக நிற்கிறது. எந்த வளவில் நின்ற தூண்களோ. அதன் நடுவில் உங்களைச் சட்டம் போட்டு மாட்டுவதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். இதற்கு உங்களிடம் நன்றி எதிர்பார்க்கிறேனா என்றால், ஆமாம், கொஞ்சம் எதிர்பார்க்கிறேன். மூன்று படத்தின் கோப்புகளையும் உங்கள் பேத்திக்கு அனுப்பிவிட்டேன். என் கணினியில் அழித்துவிட்டேன். கிளப் சுவரில் இருந்த பிரிண்டும் அப்பாவின் கைப் பிரிண்டும் ஒரே அட்டைப் பெட்டியில் முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்தன. ஈரத்தில் இரண்டுக்கும் ஓரத்தில் பூஞ்சை. குடையைப் பார்சலில் அனுப்புகிறேன். கையை நான் வைத்துக்கொள்கிறேன். கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, எழுதித் தெரிவிக்கிறேன்.

யாஷிகாவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஒரே இடத்தில் ஒரு ரோலை முடிக்காமல் நகரக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அப்படிப் பார்த்தால் அன்றைக்குப் பட்டறையில் எடுத்ததில் கண்காட்சிக்கு வந்தது ஒன்று. மீதிப் பதினொன்று உங்களிடம் இருக்க வேண்டும். நீங்கள் நெகட்டிவைத் தூக்கிப்போடுகிற ஆள் இல்லை. பச்சை டிரங்குப் பெட்டியில் வருஷவாரியாகக் கவர் போட்டு வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அது உங்களோடு கோயம்புத்தூர் வந்ததா?

எங்களிடம் அப்பாவின் முகம் என்று இருப்பது ரேஷன் கார்டுப் படம் ஒன்று. அதில் அவர் பயந்த மாதிரி இருக்கிறார்.

1996 என்று எழுதின கவரை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தால் போதும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏதாவது ஒன்றில் அவர் நிமிர்ந்திருந்தால் பேத்தியிடம் சொல்லுங்கள். நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன், வீட்டுக்குள் வர மாட்டேன். பதினொன்றிலும் கைதான் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அவர் பெயர் கருப்பையா. கவர்மேல் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.