உள்ளங்காலைப் பார்த்தாயா?

தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ ஆஸ்திரேலியாவில், கோல்ட் கோஸ்ட் கடற்கரையில் சட்டையில்லாமல் நிற்கிற படம் வந்தது. தொப்பி எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "நம்ம கறுப்புத் தோலை வெயில் என்ன செய்யும்?" என்றாயாம். உன் பெரியப்பாவும் இதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் குதிகாலில் ஒரு கரும்புள்ளி. கரைவலை இழுத்த காலத்தில் திருக்கை முள் குத்திய தழும்பு என்று எல்லோரும் நினைத்தோம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டார். இரண்டு வருடத்தில் மை ஊறியதுபோல ஓரமெல்லாம் பரவி, செருப்பு உரசினால் கசிய ஆரம்பித்தது. இங்கே ஓர் இடத்தில் கால் ஆணி என்று களிம்பு கொடுத்தார்கள். அதில் ஆறு மாதம் போனது. மதுரையில் சதை எடுத்துச் சோதித்தபோதுதான் மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குள் தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது.

அங்கேதான் மருத்துவர் உட்கார வைத்து விளக்கினார். நம் தோலுக்குக் கறுப்பு நிறம் தருகிற மெலனின் ஓரளவு குடை பிடிக்கிறது. அதனால் வெயிலால் வருகிற பாசல் செல், ஸ்குவாமஸ் செல் புற்றுநோய்கள் வெள்ளைக்காரர்களைவிட நமக்குக் குறைவு. பாசல் செல் மெதுவாக வளரும், பரவுவது அபூர்வம். ஸ்குவாமஸ் செல் பரவக்கூடியது; வருடக்கணக்காக ஆறாத புண்ணிலும் பழைய தீக்காயத் தழும்பிலும்கூடக் கிளம்புமாம். மூன்றில் ஆபத்தானது மெலனோமா. நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வருகிறது. உன் அறைச் சுவரில் ஒட்டியிருந்தாயே, பாடகர் பாப் மார்லி, அவருக்கும் கால் விரல் நகத்தடியில்தான். பந்து விளையாடிய காயம் என்று இருந்துவிட்டார். 1981-இல் 36 வயதில் போய்விட்டார்.

அப்படியானால் வெயிலுக்குப் பயமில்லையே என்பாய். நீ இருப்பது உலகத்திலேயே தோல் புற்றுநோய் மிக அதிகமுள்ள நாடுகளில் ஒன்று. மேகம் போட்டிருந்தாலும் புற ஊதாக்கதிர் இறங்கும். நம்ம பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாகக் கடலில் இறங்குவார்களே, அந்தப் புத்தி போதும். நடுப்பகலில் நிழலுக்கு வந்துவிடு. சன்ஸ்கிரீன் என்றால் எஸ்.பி.எஃப். என்கிற பாதுகாப்பு எண் 30-க்குக் குறையாமல் வாங்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்து ஏறியதும் மறுபடியும் பூசு.

மாதம் ஒருமுறை உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு பக்கம்போல மறுபக்கம் இல்லாத மச்சம், ஓரம் கிழிந்ததுபோல இருப்பது, இரண்டு மூன்று நிறம் கலந்தது, 6 மில்லிமீட்டருக்கு மேல் பெரியது, எல்லாவற்றுக்கும் மேலாக மாறிக்கொண்டே வருவது: எதைக் கண்டாலும் உடனே காட்டு. சின்னதாக இருக்கிறதே என்று விடாதே.

பெரியப்பாவுக்குக் குதிகாலில் சதையை வெட்டி, தொடைத் தோலை ஒட்டியிருக்கிறார்கள். சிகிச்சை இன்னும் முடியவில்லை. கம்பு ஊன்றிக் கரைக்குப் போய், வலை பின்னுகிறவர்களிடம் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டச் சொல்கிறார். திட்டுகிறார்கள், ஆனாலும் காட்டுகிறார்கள்.

இன்று ராத்திரி உன் இரண்டு உள்ளங்காலையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. கழுவிவிட்டு எடு.

அன்புடன்,
அப்பா